தலையெழுத்தும் பாஸ்புத்தக எழுத்தும்
(பீடித் தொழிலாளர் கூட்டமொன்றில் செய்த பிரசங்கம்)



முக்கூடல், மேலப்பாளையம் என்று இந்தத் தாமிரபரணிப் பக்கத்தில் எந்த ஊருக்குப் போனாலும், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைக் காண்கிறோம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இடுப்பு ஒடிகிறது, தூள் நெஞ்சில் ஏறுகிறது. "ஏனம்மா இந்தப் பாடு?" என்றால், "என் தலையெழுத்து" என்கிறார்கள். தலையில் எழுதிய எழுத்தை இதுவரை வாசித்தவர் எவருமில்லை. ஆனால் பாஸ்புத்தகத்தில் எழுதாமல் விட்ட ஒரு பெயரை நான் தேடிப் பார்த்திருக்கிறேன். அது என் தாயாரின் பெயர்.

என் தாயார் இருபது வருஷத்துக்கு மேல் பீடி சுற்றினார்கள். சுற்றியதெல்லாம் பக்கத்து வீட்டு அம்மாளின் புத்தகத்தில் ஏறிற்று. "எல்லாம் ஒன்றுதான்" என்றார் காண்ட்ராக்டர். வயதான காலத்தில் சேமநிதி கேட்கப் போனால், அப்படி ஒரு தொழிலாளியே இல்லை என்று ஆகிவிட்டது. பீடி நிஜம், லாபம் நிஜம், இருமல் நிஜம். என் தாயார் மட்டும் பொய்!

சட்டமில்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 1966ஆம் வருஷத்துப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றது. முதலாளிமார் கோர்ட்டுக்குப் போனார்கள். 1974இல் சுப்ரீம் கோர்ட்டு சட்டம் செல்லும் என்றது. 1977இல் சேமநிதிச் சட்டம் பீடித் தொழிலுக்கும் வந்தது. வீட்டில் சுற்றுகிறவர்களுக்கும் அது உண்டு என்று 1985இல் அதே கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதற்குச் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். பீடி சரியில்லை என்று கழித்துத் தள்ளும் அதிகாரம் முதலாளிக்கு இருக்கிறதே, அதுவே அவர் மேற்பார்வை செய்கிறார் என்பதற்குப் போதும் என்றது! எந்தக் கழிவைப் பார்த்து நம் பெண்கள் வயிறெரிந்தார்களோ, அந்தக் கழிவே அவர்களுக்குச் சாட்சி சொல்லிற்று.

2025 நவம்பரில் அந்த 1966ஆம் வருஷத்துச் சட்டம் போய், புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தின் பெயர் மாறலாம். தொழிலாளியின் பெயர் ஏறாவிட்டால் எந்தச் சட்டமும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

பெயரை யார் ஏற்றுவது? காண்ட்ராக்டர் ஏற்றமாட்டார், ஏற்றினால் அவருக்குச் செலவு. சர்க்கார் வீடு வீடாக வராது. ஆகவே லாபம் கருதாத சங்கம் வேண்டும். ஆமதாபாத்தில் 1972இல் எலா பட் அம்மையார் ஏழைப் பெண்களைச் சேர்த்து 'சேவா' சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது, "முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம்?" என்று அதிகாரிகள் கேட்டார்கள். "எதிர்ப்பதற்கல்ல, நாங்கள் ஒன்றுசேர்வதற்கு" என்று வாதாடிப் பதிவு செய்தார்கள். 1974இல் நாலாயிரம் பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென்று ஒரு பாங்கியையே வைத்தார்கள். இது எந்தக் கடவுள் கொடுத்த வரம்? பத்து ரூபாயும் ஒரு கையெழுத்துமே கொடுத்தன.

நம் ஊர்ச் சங்கத்தின் வேலையும் அதுதான். சேலை கொடுப்பதும் சோறு போடுவதும் அல்ல. புத்தகத்தை வாங்கி வாசித்துக் காட்டவேண்டும். பெயரும் வயதும் சரிதானா என்று பார்க்கவேண்டும். மனு எழுதி ஆபீசுக்குக் கூடவே போகவேண்டும். ஒருத்தி தனியாகக் கேட்டால் நாளைக்கு இலை நின்றுபோகும். நூறு பேர் சேர்ந்து கேட்டால் எத்தனை பேருக்கு நிறுத்துவார்?

ஒன்று எச்சரிக்கிறேன். அட்டை வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவன் சங்கத்தானல்ல, இரண்டாவது காண்ட்ராக்டர். சங்கத்தின் வரவு செலவை ஊர் நடுவே வாசிக்கச் சொல்லுங்கள்.

தாய்மார்களே! இன்றிரவு வீட்டுக்குப் போனதும் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது? உங்கள் பெயர் இல்லையென்றால், அது பிரம்மா எழுதாமல் விட்டதல்ல. ஒரு மனிதன் எழுதாமல் விட்டது. மனிதன் விட்டதை மனிதன் எழுத வைக்கலாம் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.