தலைவலிக்கு முதலில் ஒரு காலண்டர்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் பொது மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். ஒற்றைத் தலைவலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கர்நாடகத்தில் வீடு வீடாகப் போய் 2,329 பேரை விசாரித்து ஓர் ஆய்வு நடந்தது. 2015இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி வந்தவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர். அதிலும் பெண்கள் அதிகம். இந்தக் கணக்கு நமக்கும் பொருந்தினால், இந்த அரங்கிலேயே பலருக்கு அது இருக்கும்.

ஆனால் நம் வீடுகளில் அதற்கு வேறு பெயர்கள். "தலையில நீர் கோத்துருச்சு", "பித்தம்", "சைனஸ்", "கண்ணு பவர்". பெயர் மாறினால் வைத்தியமும் மாறிவிடுகிறது.

மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தலைவலியின்போது குமட்டுகிறதா? வெளிச்சம் பட்டால் தாங்க முடியவில்லையா? கடந்த மூன்று மாதத்தில் ஒரு நாளாவது வேலை கெட்டதா? இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் ஒற்றைத் தலைவலியாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். பெயர்தான் 'ஒற்றை', இரண்டு பக்கமும் வலிக்கலாம். மாத்திரை போடாவிட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். இதை உறுதிசெய்ய, பரிசோதனையில் வேறு கோளாறு தெரியாதவரை, ஸ்கேன் தேவையில்லை. அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

சில நேரம் மட்டும் காத்திருக்கவே கூடாது. இடி விழுந்தது போலத் திடீரென வரும் கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் இழுப்பது, பேச்சுக் குழறல், வலிப்பு, தலையில் அடிபட்ட பின் வரும் வலி. இவற்றுக்கு உடனே மருத்துவமனை. 50 வயதுக்கு மேல் முதல்முறை வந்தாலும், கர்ப்பிணிக்குப் புதிதாக வந்தாலும் மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது நம் ஊர் விஷயம். ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட்டில் உட்கார்ந்திருப்பவர், மெஷினை விட்டு எழுந்தால் கூலி போகும். காலையில் டீ மட்டும், மதியச் சாப்பாடு தள்ளிப்போகும், தூக்கம் குறைவு. மூன்றுமே தலைவலியைத் தூண்டும். மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தைக்கிறார். அது தினசரிப் பழக்கமாகிறது. சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாள், கலவை மாத்திரையை 10 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். வலி கூடுகிறது, மாத்திரையும் கூடுகிறது.

வழி இருக்கிறது. வலி தொடங்கியதுமே, மருத்துவர் சொன்ன அளவில் மாத்திரை போடுங்கள், வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். மாதம் நான்கு நாளுக்கு மேல் வந்தால் வராமல் தடுக்கும் மருந்தைப் பற்றிக் கேளுங்கள். புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் இரண்டும் பழைய, விலை குறைந்த மருந்துகள். வீசிங் உள்ளவர்களுக்குப் புரோப்ரனலால் கூடாது, அதனால் கடையில் நீங்களே கேட்டு வாங்காதீர்கள். பலன் தெரிய இரண்டு மாதம் ஆகும். பத்து நாளில் நிறுத்திவிட்டு "கேட்கல" என்று சொல்ல வேண்டாம்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் இந்த மருந்துகளுக்கு அங்கேயே போகலாம். தகுதி உள்ளவர்களுக்கு, மருத்துவர் சான்று கொடுக்கும் விடுப்பு நாட்களுக்குக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். நம் வீடுகளில் வேலை செய்யும் அம்மாக்களுக்குப் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. கிடையாது. அவர்களை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள், அன்றைய சம்பளத்தைப் பிடிக்காமல்.

கம்பெனி நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. "தலை வலிக்குதுங்க" என்று ஒரு பெண் சொன்னால், மாத்திரை போட்டு, வெளிச்சம் குறைந்த இடத்தில் அரை மணி நேரம் உட்கார விடுங்கள். பல நேரம் அந்த அரை மணி ஒரு நாள் வேலையைக் காப்பாற்றும்.

கடைசியாக, எல்லார் வீட்டுச் சுவரிலும் மாதக் காலண்டர் இருக்கிறது. வலி வந்த நாளில் ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளில் ஒரு பெருக்கல் குறி. பெண்கள் மாதவிலக்கு நாளையும் குறியுங்கள். மூன்று மாதத் தாளோடு மருத்துவரிடம் வந்தால் பாதி வேலை முடிந்தது.