வில்லும் வில்லையும்



எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்து அமர்ந்திருக்கும் உங்களிடம் கவிதையைப் பற்றிப் பேசாமல் விண்மீன் பார்ப்பவர்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால் சிலர் முகம் சுருங்கக்கூடும். பத்தாண்டு நிறைவு விழாவில் ஒரு தமிழ் விரிவுரையாளர் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு வருவதா என்று கேட்கலாம். சங்க இலக்கியத்து வானியற் குறிப்புகள்தாம் என்னை இப்பக்கம் இழுத்து வந்தன. கூடலூர் கிழார் ஒரு பங்குனி இரவில் விண்மீன்களின் இருப்பை ஒவ்வொன்றாகக் குறித்து, நடுவே ஒரு மீன் எரிந்து விழக் கண்டு, ஏழாம் நாள் தம் அரசன் மறைந்ததைப் பாடினார். புறநானூற்றின் 229ஆம் பாட்டு அது. அதன் சோதிடத்தை நாம் ஏற்கலாம், ஏற்காது போகலாம். ஆனால் எந்தத் திசையில் எந்த மீன் ஏறிற்று, எது சாய்ந்தது என்று அவர் தரும் விவரம், வெறுங்கண்ணால் பல இரவுகள் வானைப் பயின்ற ஒருவரால் மட்டுமே தர இயல்வது. இந்தப் பாட்டைப் பாடம் நடத்த வேண்டுமானால் வானம் தெரிய வேண்டும் என்று தோன்றியது. வானம் தெரிந்தவர்களைத் தேடிப் போனேன்.

அவர்கள் அறிவியலைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் அல்லர். வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியர், மின்வாரியப் பணியாளர், மருந்துக் கடைக்காரர் எனப் பலரும் இருக்கின்றனர். புணேயில் 1944இலேயே இத்தகையோர் கூடிச் சங்கம் கண்டனர். பெங்களூரில் 1976இல் கண்டனர். தமிழகத்திலும் இன்று ஊர்தோறும் சிறு குழுக்கள் உண்டு. இவர்களிடம் நான் கண்ட முதற்பண்பு விருந்தோம்பல். கையில் இருப்பது ஐம்பதாயிரம் ரூபாய்க் கருவியாக இருந்தாலும், வழியே போகிறவரை அழைத்து, "வாங்க, சனி பாருங்க, வளையம் தெரியுது" என்று கண்ணருகு வில்லையைக் காட்டி விலகி நிற்பார்கள். பார்த்தவர் "அட!" என்று சொல்லும் அந்த ஓரசைச் சொல்லுக்காக நள்ளிரவு வரை பனியில் நிற்பார்கள். தம் கவிதையைக் கேட்க ஆள் கிடைத்த கவிஞரின் முகத்திலன்றி வேறெங்கும் அந்த மகிழ்ச்சியை நான் பார்த்ததில்லை.

இரண்டாம் பண்பு சண்டை. அதுவும் கருவியைப் பற்றிய சண்டை.

தொலைநோக்கி இரு குலத்தது. முன்புறம் வில்லை வைத்து ஒளியை விலகச் செய்து குவிப்பது ஒன்று. அடியில் குழியாடி வைத்து ஒளியைத் திருப்பிக் குவிப்பது மற்றொன்று. வில்லைக் கட்சியார் தம் கருவி தரும் உருவின் கூர்மையைப் பேசுவர். இடையே துணையாடி மறிக்காததால் மாறுபாடு துலங்கும் என்பர். ஆடிக் கட்சியார் ஒளியின் அளவைப் பேசுவர். இருளில் நன்கு விரிந்த மனிதக் கண்ணின் பாவை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். 200 மில்லிமீட்டர் ஆடி அதைப்போல் எண்ணூறு மடங்கு ஒளியை அள்ளும். அதே பருமனில் நல்ல வில்லை வாங்க வீட்டை விற்க வேண்டும் என்பர். உடனே வில்லைக்காரர், ஆடியை அடிக்கடி நேர்படுத்த வேண்டும், இரவுக் குளிருக்கு அது ஆறும் வரை காத்திருக்க வேண்டும் என்பார். வில்லையில் விளிம்பு நீலம் பூக்கிறதே என்று மறுமொழி வரும். இதற்குள் மூன்றாமவர் ஒருவர், உங்கள் இருவர் கருவியும் நிற்கும் தாங்கி ஆடுகிறதே என்பார்! நான்காமவர், கண்ணால் பார்ப்பதெல்லாம் பழைய கதை, ஒளிப்படம் எடுப்பதே வானியல் என்பார். அண்மைக் காலத்தில் தானே விண்மீனைத் தேடிப் பிடித்துக் கைப்பேசித் திரையில் படமாகத் தரும் கருவிகளும் வந்துவிட்டன. அவற்றைத் தொலைநோக்கி என்று அழைக்கலாமா என்பதே தனி வழக்கு. இவர்கள் எல்லோரும் ஒருமனதாகத் திட்டுவது ஒன்றைத்தான்: கடைத்தெருவில் 60 மில்லிமீட்டர் வில்லையோடு, 500 மடங்கு பெருக்கும் என்ற விளம்பரத்தோடு விற்கும் பொம்மைக் கருவியை. அவ்வளவு சிறிய வில்லை 120 மடங்கிற்கு மேல் மங்கலைத்தான் பெருக்கும். குழந்தைக்கு அதை வாங்கிக் கொடுத்தால் வானத்தின் மீதே வெறுப்பு வந்துவிடும் என்பது இவர்கள் முடிபு. என் முடிபும் அதுவே.

ஒரு மார்கழி இரவில் இம்மலையிலேயே அத்தகைய சண்டை ஒன்றை நேரில் கண்டேன். சமவெளியிலிருந்து வந்த இருவர்; ஒருவர் வில்லைக்காரர், மற்றவர் தம் ஆடியைத் தாமே மாதக்கணக்கில் தேய்த்து உருவாக்கியவர். திருவாதிரை செந்நிறத்தோடு கிழக்கில் ஏறியிருந்தது. அதன் அருகே வேட்டுவன் கூட்டத்தின் உடைவாளில் இருக்கும் ஒண்முகிலை யார் கருவி நன்றாகக் காட்டுகிறது என்பதே வழக்கு. குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. அங்கே நின்றிருந்த மலையாளிப் பழங்குடிச் சிறுமி ஒருத்தியை நடுவராக்கினார்கள். அவள் இரண்டிலும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல ஊசி குத்துன மாதிரி இருக்குங்க சார். அதுல நெறைய இருக்குங்க" என்றாள். இரண்டு பக்கமும் கைதட்டினார்கள், ஒவ்வொருவரும் தாமே வென்றதாக. கருவியியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவள் இரு தொடரில் சொல்லிவிட்டாள்.

ஆனால் அதே இரவில் வேறொன்றும் நடந்தது. பின்னர் வந்து சேர்ந்த ஒருவர் அதே சிறுமியிடம், "உன்கிட்ட என்ன கருவி இருக்கு?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, அந்தக் கூட்டத்தில் அறிமுகக் கேள்வியே அதுதான். "ஒண்ணும் இல்லீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்து போனாள். அதற்குப் பின் அவள் வாய் திறக்கவில்லை. தன் பாட்டி அறுமீன் சாய்வதைப் பார்த்துப் பொழுது சொல்வார் என்பதை மறுநாள் காலையில்தான் என்னிடம் சொன்னாள். அந்தச் செய்தியைக் கேட்டுக்கொள்ள அந்தச் சபையில் எவருக்கும் வாய்ப்பில்லாமல் போயிற்று. சூடான விவாதத்தைவிட அந்த ஒரு சாதாரணக் கேள்வியே என்னைப் பெரிதும் தைத்தது.

இச்சண்டைகள் புதியன அல்ல. 17ஆம் நூற்றாண்டில், இன்று போலந்தில் உள்ள தான்சிக் நகரில், மதுவடிப்புத் தொழில் செய்த ஹெவெலியஸ் என்பவர் தம் வீட்டுக் கூரையில் வானாய்வகம் அமைத்திருந்தார். நிலவைத் தொலைநோக்கியால் வரைந்தவரே எனினும், விண்மீன்களின் இடத்தை அளக்க மட்டும் அவர் வெறுங்கண்ணையே நம்பினார். அளவுக் கருவியில் வில்லை பூட்டாத அளவு எதற்கும் உதவாது என்று இலண்டனிலிருந்து இராபர்ட் ஹூக் 1674இல் கடுமையாக எழுதினார். கிழவர் புண்பட்டார். வழக்கு முற்றியது. 1679இல், அப்போது 22 வயதே ஆன எட்மண்ட் ஹேலி, வில்லை பூட்டிய தம் கருவியைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்து தான்சிக் போனார். ஏறத்தாழ இரண்டு மாதம் ஒரே கூரையில், ஒரே இரவில், ஒரே மீன்களை இருவரும் அளந்தனர். கிழவரின் கண் வியக்கத்தக்க அளவு சரியாக இருப்பதை ஹேலி எழுத்தால் உறுதிசெய்தார். வில்லைதான் காலப்போக்கில் வென்றது என்பது வேறு. ஹூக் சொன்னது கொள்கையளவில் சரி. ஆயினும் ஹூக் தம் நகரில் இருந்துகொண்டே எழுதினார், ஹேலி போய்ப் பக்கத்தில் நின்றார். அந்த ஆண்டே செப்டம்பரில் ஆய்வகம் எரிந்து போயிற்று. ஹெவெலியஸ் 1687இல் மறைந்தபின், 1500க்கும் மேற்பட்ட மீன்களைக் கொண்ட அவருடைய பட்டியலை 1690இல் வெளிக்கொணர்ந்தவர் அவரோடு நின்று அளந்த மனைவி எலிசபெத். ஆண்கள் இருவர் பூசலைச் சொல்லும் நூல்கள் அவரைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

நம் மண்ணிலும் ஒரு ஹேலி இருந்தார் எனலாம். 1792இல் கட்டப்பட்ட சென்னை நுங்கம்பாக்க வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார், 1867இல் தென்வானின் வலைக்கூட்டத்தில் ஒளி மாறும் மீன் ஒன்றைக் கண்டறிந்தவர்; 1872இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானவர். பழைய வாக்கியங்களைக் கொண்டு கணித்த பஞ்சாங்கத்திற்கும் வானில் காணும் நிலைக்கும் இடைவெளி விழுந்திருப்பதைச் சுட்டி, கண்டு கணிக்கும் திருக்கணிதத்திற்காக வாதாடினார். வெள்ளி கதிரவனைக் கடந்த 1874ஆம் ஆண்டு நிகழ்வை விளக்க அவர் எழுதிய சிறுநூல், மரபுவழிச் சித்தாந்தி ஒருவரோடு நிகழ்த்தும் உரையாடலாக அமைந்தது. இந்திய மொழிகள் சிலவற்றில் வெளிவந்தது. எதிர்த்தரப்பை நூலுக்குள்ளேயே உட்காரவைத்து, கேள்வி கேட்கவைத்து, விடை சொன்னார். வழக்கு இன்றும் தீரவில்லை. திருக்கணிதப்படி 2025 மார்ச்சில் சனி பெயர்ந்தபோது, வாக்கியம் பின்பற்றும் திருநள்ளாற்றுக் கோயில் பெயர்ச்சி 2026இல்தான் என்று அறிவிக்க நேர்ந்ததை அறிவீர்கள். சனியோ இரண்டையும் கேளாமல் போய்க்கொண்டிருந்தது!

அந்த நுங்கம்பாக்க ஆய்வகத்தில் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் மட்டும் எஞ்சி நிற்கிறது. அதில் தமிழிலும் பொறிப்பு உண்டு. ஆசியாவில் கணித அறிவியலைத் தாமே நட்டதாகக் கும்பினியார் பெருமை பேசும் வாசகம் அது. வானத்தை அளந்தவர்போல் பேசும் அறிஞரைப் பற்றி உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியிருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

கருவிச் சண்டையின் வேரையே வெட்டப் பார்த்தவர் ஜான் டாப்சன். சான்பிரான்சிஸ்கோவின் வேதாந்த மடத்தில் 1944இல் சேர்ந்து, 1967 வரை 23 ஆண்டுகள் துறவியாக இருந்தவர். கப்பல் சாளரக் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயில் பொருத்தி, பலகைப் பெட்டியில் சுழலவிட்டார். மடத்தை விட்டு வெளியேற வேண்டி வந்தபின் 1968இல் நண்பர்களோடு தெருமுனையில் கருவியை நிறுத்திப் போவோர் வருவோர்க்கு நிலவைக் காட்டினார். தம் அமைப்பிற்குக் காப்புரிமை கோரவில்லை. ஒரு கருவியின் பெருமை அதன் வழியே எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதில்தான் என்று வாழ்ந்தவர், 2014இல் மறைந்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் பெயரிலேயே இன்று டாப்சன் கட்சி என ஒன்று கிளம்பி, வில்லைக் கட்சியோடு மல்லுக்கு நிற்கிறது.

கவிஞர்களாகிய நீங்கள் இதற்குள் சிரிக்கத் தொடங்கிவிட்டீர்கள். ஆம், யாப்பும் ஒரு கருவிதான். சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கிய காலந்தொட்டு மரபா புதிதா என்று நாம் நடத்திவரும் வழக்கு, வில்லையா ஆடியா என்பதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. வெண்பாவில் ஊசி குத்தும் கூர்மை. புதுக்கவிதையில் நிறைய இருக்கிறது. இவ்வட்டத்தின் கூட்டங்களில் அவ்வழக்கு எவ்வளவு சூடேறியபோதும், முடிந்தபின் ஒரே பேருந்தில்தான் இறங்கிப் போனோம். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. புதிதாக வருகிற பிள்ளையிடம் "மரபு எழுதுவாயா, புதிது எழுதுவாயா, எத்தனை தொகுப்பு போட்டிருக்கிறாய்?" என்று கேட்கிறோமே, அதுதான் என் கவலை. கல்லூரியில் நன்றாக எழுதும் மாணவியர் இரண்டாம் கூட்டத்திற்கு வராமல் போவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பத்தாண்டில் இம்மலையின் பதினான்கு நாடுகளிலிருந்து எத்தனை பேர் நம் மேடையில் பாடியிருக்கிறார்கள் என்று நான் கேட்டால் செயலாளர் வருந்தக்கூடாது.

இது ஓரியின் மலை. வன்பரணர் பாடிய 152ஆம் புறப்பாட்டில் ஓர் அம்பு யானையில் தொடங்கிப் புலி, மான், பன்றி எனத் துளைத்து உடும்பில் போய்த் தைக்கிறது. பாட்டு அம்பில்தான் தொடங்குகிறது. ஆனால் புலவர் வியந்து கேட்பது, எய்தவன் யாரோ என்பதைத்தான். வில் எவ்விடத்து மரம், நாண் எவ்வகை நார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதுவும் நல்ல பாட்டாகியிருக்கலாம், யார் கண்டது.

இரு கட்சிக்கும் பொதுவான கருவி ஒன்று உண்டு, அது இருள். நுங்கம்பாக்கத்திலிருந்து 1899இல் கொடைக்கானலுக்கும், 1968இல் வேணு பாப்பு தேர்ந்த ஜவ்வாது மலைக் காவலூருக்கும், பின்னர் லடாக்கின் ஹான்லேவுக்கும் நம் வானாய்வகங்கள் நகர்ந்தது நல்ல வானைத் தேடித்தான். ஹான்லே வானத்தை 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். நம் மலையில் அரியூர்ச் சோலையில் இருள்வானப் பூங்கா அமைக்கத் தமிழக அரசும் முடிவெடுத்திருக்கிறது. வீதி விளக்கு வேண்டாம் என்று மலைமக்களிடம் யாரும் சொல்ல முடியாது; பிள்ளைபெறப் போகிறவளைத் தூளியில் தூக்கிச் சென்ற பாதைகள் இவை. விளக்கின் தலைக்கு மேல் ஒரு மூடி போட்டால் ஒளி தரையில் விழும், வானம் பிழைக்கும். விடுதிகளின் மேல்நோக்கிய பகட்டு விளக்குகளை அணைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இதற்காக இரு கட்சியாரும் ஒன்றாய்க் கையெழுத்திட்ட ஒரு மனுவை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆடியின் பருமன் பற்றிய வழக்கு முடிந்தபின் எழுதுவார்கள் போலும்.

இன்றிரவு தங்குவோர்க்கு ஓர் அறிவிப்பு. மார்கழியில் மோதிக்கொண்ட அதே இருவரும் வந்திருக்கிறார்கள். உணவிற்குப்பின் பின்புற மைதானத்தில் இரண்டு கருவிகளும் நிற்கும். ஒன்பது மணியளவில் வடகிழக்கில் எழுமீன் மலைவிளிம்புக்கு மேல் ஏறிவிடும். மணவறையில் நாம் பார்த்ததாகச் சொல்லிக்கொண்ட அருந்ததியை முதலில் வெறுங்கண்ணால் தேடுங்கள். தமிழில் அவள் வடமீன். பிறகு சிறிய கருவியில் பார்த்தாலும் போதும்: அவள் அருகில் இருக்கும் வசிட்டன் ஒருவன் அல்லன், இருவர் என்பது தெரியும். அந்தச் சிறுமியையும் அவள் பாட்டியையும் அழைத்திருக்கிறேன். பாட்டி முதலில் பேசுவார். கைவிளக்குகளைத் தயைகூர்ந்து அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.