சித்தாள் என்றால் சின்ன ஆளா?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



தெரிஞ்சதைப் பேசச் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது கட்டட வேலை. பதினெட்டு வருஷமா சித்தாளா இருக்கேன். அதனால அந்த ஒரு வார்த்தையைப் பத்தியே பேசிடறேன்.

சிறு ஆள், அதாவது சிற்றாள். நேற்று என்பது பேச்சில் நேத்து ஆன மாதிரி, சிற்றாள் சித்தாள் ஆச்சு. கொத்தனாருக்குக் கூடமாட ஒத்தாசை செய்யுற ஆள்னு அர்த்தம். சித்தப்பா என்பதும் இப்படி வந்த வார்த்தைதான். ஆனா சித்தப்பாவை யாரும் சின்ன ஆளா நினைக்கிறதில்லை. அப்பாவுக்கு இளையவர், அவ்வளவுதான். வேலை இடத்தில் அப்படி இல்லை. இருபத்திரண்டு வயசுப் பையன் கொத்தனார், ஐம்பது வயசு அம்மா அவனுக்குச் சித்தாள்.

எங்க பக்கத்தில், அதே உதவி வேலைக்கு ஆண் வந்தா பெரியாள், பெண் வந்தா சித்தாள். மூட்டை தூக்குறது அவங்க வேலை, கல்லும் கலவையும் சுமக்கிறது நம்ம வேலைன்னு பிரிச்சுச் சொல்வாங்க. ஆள் பத்தலைன்னா ரெண்டு பேரும் எல்லாமேதான் செய்யுறோம். சாயங்காலம் கூலி கொடுக்கும்போது மட்டும் அந்தப் பேர் வந்து நிக்குது. ஒரே மாதிரி வேலைக்கு ஆண், பெண் என்று கூலியில் வித்தியாசம் கூடாதுன்னு 1976-லேயே சம ஊதியச் சட்டம் வந்தாச்சு.

சித்தாள் வேலை சின்ன வேலையா? ஒரு செங்கல் சுமார் 3 கிலோ. பத்துக் கல் ஏத்தினா 30 கிலோ, அதோட சாரத்தில் ஏறணும். சுவர் கட்ட ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல்னு அளந்து கலக்கணும். தண்ணி கூடினா வலு போயிடும். கல்லை நனைக்காமக் கொடுத்தா, அது கலவையில் இருக்கிற தண்ணியைக் குடிச்சிடும், பிடிப்பு இருக்காது. கான்கிரீட் போட்டா குறைஞ்சது ஏழு நாள் ஈரம் காயாமப் பார்க்கணும். இவ்வளவும் நம்ம கைதான் செய்யுது.

ஆனா உதவிக்கு வர்ற பையன் நாலைஞ்சு வருஷத்தில் கரண்டி பிடிச்சுக் கொத்தனார் ஆயிடறான். நாம சித்தாளா வந்து, முட்டி தேஞ்சு, சித்தாளாவே வீட்டுக்குப் போறோம். நமக்கு வேலை தெரியாம இல்லை. கரண்டியை யாரும் நம்ம கையில் கொடுக்கலை.

நம்மளே நம்மளைக் குறைச்சுச் சொல்றதும் உண்டு. குழுவில் தொழில் என்னன்னு கேட்டா, "வீட்டுக்காரர் கொத்தனார், நான் சும்மா கூட உதவிக்குப் போறேன்" என்கிறோம். விடியக்காலை சோறு கட்டிக்கிட்டுப் போய், பொழுது சாயுற வரைக்கும் கல் சுமக்கிறது சும்மாவா?

அதனால மூணு விஷயம் கேட்டுக்கிறேன். தீர்மானப் புத்தகத்திலும் கடன் மனுவிலும் உங்க தொழிலைக் 'கட்டுமானத் தொழிலாளி'ன்னு எழுதுங்க. ரெண்டாவது, 1994 முதல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கு. வீட்டுக்காரர் பதிஞ்சிருந்தாலும் உங்க பேரைத் தனியாப் பதியுங்க. பிள்ளைகள் படிப்புக்கும், விபத்துக்கும், அறுபது வயசுக்கு மேல ஓய்வூதியத்துக்கும் அந்த அட்டைதான் ஆதாரம். மூணாவது, நம்ம கூட்டமைப்புக்கு. தையல் பயிற்சி நடத்துறோம், நல்லது. பெண்களுக்குக் கொத்தனார் பயிற்சியும் ஏற்பாடு பண்ணுங்க. கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு வாங்க உள்கடன் கொடுங்க.

சித்தாள் என்ற பேரை நான் வெறுக்கலை. என் ரெண்டு பிள்ளைகளையும் படிக்க வச்சது அந்தப் பேர்தான். ஆனா என் தங்கச்சிமார் அதோட நின்னுடக் கூடாது. பயிற்சி வச்சீங்கன்னா, முதல் பேரா என் பேரை எழுதிக்குங்க.