தோப்பு முழுக்க வைஃபை வேணுமா? முதல்ல மலைக்கு அந்தப் பக்கம் பாருங்க

எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது: "அண்ணே, தோப்பு முழுக்க வைஃபை வரணும், எத்தனை ரவுட்டர் வாங்கணும்?" நான் ராஜபாளையத்துல இருக்கறதால, கேக்குறவங்கள்ல பாதிப் பேர் மலையடிவாரத்துல மாந்தோப்பு, தென்னந்தோப்பு வச்சிருக்கறவங்க. மீதிப் பேர் மில்லு, காலேஜ்.

ரவுட்டர் எண்ணிக்கை கடைசிக் கேள்வி. அதுக்கு முன்னாடி ஒரு கதை சொல்றேன். வில்லிபுத்தூர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தேனி மாவட்டத்துல நடந்தது. பறவைக்குப் பக்கம்தான், நமக்குச் சுத்தித்தான் போகணும்.

தேனியில அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கு. சுத்துப்பட்டு கிராமத்து ஆளுக்குக் கண்ணு மங்குனா, பஸ் செலவு ஒரு பக்கம், ஒரு நாள் கூலி போறது இன்னொரு பக்கம். கூட ஒருத்தர் வந்தா ரெண்டு கூலி. அதனால பலர் போறதே இல்ல. மருத்துவமனை சின்னச் சின்னக் கண் பரிசோதனை மையங்களைத் திறந்துச்சு. அங்க பயிற்சி எடுத்த பெண் ஊழியர் கண்ணைப் பாத்துட்டு, வீடியோல தேனி டாக்டர்கிட்ட காட்டணும். ஆனா 2005 வாக்குல அந்த ஊர்கள்ல வீடியோ பேசுற அளவுக்கு இன்டர்நெட் ஏது?

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துல எரிக் ப்ரூவர் என்கிற பேராசிரியரின் குழு இதைக் கையில எடுத்தாங்க. சாதாரண வைஃபை கார்டு, உயரமான கம்பம், ஒரே திசையைப் பாக்குற ஆன்டெனா. 2006ல முதல் 5 மையங்கள் தேனியோட இணைஞ்சிருந்துச்சு. போடி, சின்னமனூர், பெரியகுளம் பக்கத்து ஆளுங்க உள்ளூர்லயே டாக்டர்கிட்ட பேசினாங்க. கண்ணாடி போதும்னா அங்கயே முடிஞ்சுது. ஆபரேஷன் வேணும்னாதான் தேனிக்குப் பயணம்.

இதுல சிக்கல் என்னன்னா, வைஃபை வீட்டுக்குள்ள பேசப் பழகினது. ஒரு செய்தி அனுப்பினா 'வந்துச்சு'ன்னு பதில் வரணும். கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும், வரலைன்னா திரும்ப அனுப்பும். ராஜபாளையத்துக்கும் வில்லிபுத்தூருக்கும் நடுவுல பத்துப் பதினோரு கிலோமீட்டர். அலை போய்த் திரும்பவே 70 மைக்ரோ செகண்டுக்கு மேல ஆகும். பதில் வழியில இருக்கும்போதே இது 'காணாமப் போச்சு'ன்னு நினைச்சு மறுபடி அனுப்பிட்டே இருக்கும். அந்தக் குழு மென்பொருளை மாத்தி, ரெண்டு பக்கமும் முறை வச்சுப் பேச வச்சாங்க: இப்ப நீ, அடுத்து நான். இதே முறையில 2007ல வெனிசுவேலாவுல 382 கிலோமீட்டர் தூரத்துக்கு இணைப்பு கொடுத்துக் காட்டினாங்க.

சரி, நம்ம தோப்புக்கு வருவோம். இதுல மூணு பாடம் இருக்கு.

முதல் பாடம், கொண்டு வர்றது வேற, பரப்புறது வேற. வீட்டுல இருந்து தோப்பு நடுவுக்கு நேருக்கு நேர் ஆன்டெனா ஜோடி ஒண்ணு. அங்க இருந்து சுத்தி இருக்கிற போன்களுக்குத் தனி வைஃபை. பவர் அதிகமான ஒரே பெட்டியை வச்சா ரெண்டும் நடந்துரும்னு நினைக்காதீங்க. திருவிழா மைக்செட் தெரு முழுக்கக் கேக்கும். ஆனா தெருக்கோடித் தாத்தா சொல்ற பதில் மேடைக்குக் கேக்குமா? உங்க போன்தான் அந்தத் தாத்தா. நாலு கோடு சிக்னல் காட்டும், பக்கம் திறக்காது.

ரெண்டாவது, வழி. எதிர்முனை கண்ணுக்குத் தெரிஞ்சா மட்டும் போதாது. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 11 கிலோமீட்டர் இணைப்புக்கு, நடுவுல நேர்கோட்டைச் சுத்தி சுமார் 18 மீட்டர் வரைக்கும் அலை விரியும். அதுல பாதிக்கு மேலயாவது காலியா இருக்கணும். தோப்புக்குள்ள தூரம் கம்மி, விரிவும் கம்மிதான். ஆனா மழையில நனைஞ்ச இலை சிக்னலை நல்லாவே குடிச்சிரும். மரம் வருஷா வருஷம் வளரவும் செய்யும். கம்பத்தை இன்னைக்கு இருக்கிற மரத்துக்கு அளந்து நடாதீங்க.

மூணாவது, கரண்ட். தேனியில அந்தக் குழுவைப் படுத்தி எடுத்தது அலையை விட மின்சாரம்தான். வோல்ட்டேஜ் ஏறி இறங்கி, கருவிகள் செத்துப்போச்சு. நம்ம ஊர்ல மோட்டார் போடுற நேரத்துல லைட் மங்குறது தெரியும்ல? பட்ஜெட்ல பேட்டரி, ஸ்டெபிலைசர், நல்ல எர்த், இடிதாங்கி, இதுக்கெல்லாம் முதல்ல காசு ஒதுக்குங்க. மிச்சத்துல ரவுட்டர் வாங்குங்க.

சட்டமும் கேப்பீங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005ல இருந்து லைசென்ஸ் தேவையில்லை. 5 கிகாஹெர்ட்ஸை வெளியிடத்துல பயன்படுத்த 2018ல வழி திறந்தாங்க. பவர் அளவுக்கு வரம்பு உண்டு, கருவியும் அனுமதி பெற்றதா இருக்கணும்.

கடைசியா ஒண்ணு. தேனியில அவங்க 'மாவட்டம் முழுக்க வைஃபை'ன்னு ஆரம்பிக்கல. ஒரு பாட்டியின் கண்ணும் ஒரு டாக்டரும் பேசணும், அதுக்கு எங்க எங்க கம்பம் வேணும்னு ஆரம்பிச்சாங்க. உள்ளூர் ஆட்களுக்கே பராமரிப்பும் சொல்லிக் கொடுத்தாங்க. நீங்களும் தோப்புல யாருக்கு, எந்த இடத்துல, எதுக்கு நெட் வேணும்னு ஒரு தாள்ல எழுதுங்க. மோட்டார் ஷெட், காவல்காரர் வீடு, களம். பெரும்பாலும் மூணு இடம்தான் தேறும். 20 ஏக்கருக்கும் பரப்புற செலவு அங்கயே மிச்சம்.

எழுதின தாளை எங்களுக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல ரெண்டு மூணை எடுத்துப் பேசுவோம்.