சிறு டிராக்டரின் முகங்காத்தல்

(நம் சங்கத்து உழவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியர் மேடை ஏறினால் இலக்கியம் பேசுவார் என்று எண்ணி வந்த அன்பர் சிலர் இன்று ஏமாற்றமடைதல் கூடும். யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், மினி டிராக்டர் என்று நாமெல்லாரும் வழங்கும் சிறிய உழவுப் பொறியின் முன்புறத்தை முட்புதரினின்றும் காக்கும் வகையாகும். செயலாளர் அவர்கள் இப்பொருளைக் குறித்துப் பேசுமாறு பணித்தபோது யாம் மறுத்திலேம். என்னை? சென்ற சில ஆண்டுகளில் நம்மவர் பலர் நகையை ஈடுவைத்தும் வங்கியிற் கடன்பெற்றும் இப்பொறியை வாங்கியிருக்கின்றனர். அது பத்து நாள் பட்டறையில் நின்றுவிடின், அதனோடு வாடகை உழவு நிற்கும், தவணை நிற்கும், விதைப்புப் பருவமும் கைவிட்டுப் போகும். பள்ளிக்கூடச் சம்பளத்தில் அச்சுமை இன்னதென்பதை யாமும் அறிவோம்.

முதற்கண் பகையை அறிந்துகொள்ளல் வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கங்களில் கண்ணுக்கு எட்டிய தூரம் தரிசு நிலத்தை மூடி நிற்கும் சீமைக்கருவேல் நம் நாட்டு மரமன்று. அமெரிக்கக் கண்டத்துக்குரிய அதன் விதையைச் சென்னை மாகாண வனத்துறையார் வருவித்து, 1877-ஆம் ஆண்டளவில் கடப்பைச் சீமையில் நட்டனர் என்பர். விறகுக்கும் வெறுநிலத்துக்கும் ஆகும் என்பது அவர் கருத்து. வேலியாக நின்று பயிரைக் காத்தமையின் நம் மக்கள் அதற்கு 'வேலிகாத்தான்' என்று அன்போடு பெயரும் இட்டனர். காத்தவனிடமிருந்தே நிலத்தை மீட்கும் காலம் பின்னர் வந்தது. ஒன்று மட்டும் நடுநிலையோடு கூறுவோம். மழை பொய்த்த ஆண்டுகளில் அம்மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் இவ்வவையிலும் உள. ஆயினும் விளைநிலத்தில் அது நிற்றலாகாது என்பதில் ஐயமில்லை. 2017-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்றுமாறு ஆணையிட்டபோது ஊர்தோறும் ஒரு வேகம் பிறந்தது. அவ்வேகத்தில் சிலர் சிறு டிராக்டரையே புதருக்குள் ஓட்டினர். அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் விட்டபாடில்லை.

இனி, பொறியின் அமைப்பை நோக்குவோம். சிறு டிராக்டர் பெரும்பாலும் 15 முதல் 30 வரை குதிரைத்திறன் உடையது. தோட்டத்திலும், தென்னந்தோப்பிலும், பருத்தி கரும்பு வரிசைகளின் இடையிலும் புகுந்து வேலை செய்யும்பொருட்டு அதன் உடல் ஒடுங்கியும் தாழ்ந்தும் செய்யப்பட்டது. இத்தாழ்வு தோப்பில் குணமாகும். முட்காட்டில் அதுவே குற்றமாகும். பெரிய டிராக்டரின் அடியில் உரசிச் செல்லும் கிளை சிறியதன் முகத்தில் நேரே பாயும். அம்முகத்தில் விளக்குகள் உள்ளன. கிரில் என்னும் துளைத்தகடு உள்ளது. அதன் பின்னே மிக அணித்தாக ரேடியேட்டர் நிற்கின்றது. சில பொறிகளில் பேட்டரியும் அங்கேயே அமர்ந்துள்ளது. ரேடியேட்டருக்குப் பின் விசிறி சுழல்கின்றது. அவ்விசிறி முன்னிருந்து காற்றை இழுத்து மெல்லிய தகடுகளின் ஊடே செலுத்த, அக்காற்று எஞ்சினைச் சுற்றிவரும் நீரின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகின்றது. அத்தகடுகளோ நகத்தால் அழுத்தினாலும் மடங்குவன. (ரேடியேட்டரை 'வெப்பாற்றி' என்று யாம் தமிழ்ப்படுத்திக் கூறலாம். ஆனால் உதிரிப்பொருள் கடைக்குச் சென்று வெப்பாற்றி கேட்பவர் வெறுங்கையோடு திரும்புவர். ஆதலின் பட்டறையில் வழங்கும் சொல்லையே ஈண்டு வழங்குவோம்.)

புதர் இம்முகத்தைக் கெடுக்கும் வழி இரண்டு. ஒன்று வெளிப்படையானது: வளைந்த கிளை வில்போல் நிமிர்ந்து கிரில்லின் துளையினூடே குத்தி ரேடியேட்டரைப் பொத்தல் செய்வது. மற்றொன்று மறைவானது. சீமைக்கருவேலின் இலைகள் மிகச் சிறியன, உலர்ந்தவுடன் உதிர்வன. விசிறியின் இழுப்பில் அவையும் புல்லின் பஞ்சும் புழுதியும் சேர்ந்து ரேடியேட்டரின் முகத்தில் கம்பளிபோல் படியும். குத்துப்பட்ட பொறி நீர் சிந்திக் காட்டிக்கொடுக்கும். மூச்சடைத்த பொறியோ வெப்பமானியின் முள் ஏறுவதன்றி வேறோர் அடையாளமும் காட்டாது.

நம் உறவினர் ஒருவர்க்கு நேர்ந்ததைச் சொல்லுவோம். மூன்று ஏக்கர் தரிசைத் திருத்திப் புரட்டாசியில் புழுதி விதைப்பாக நெல் விதைக்க எண்ணினார். வாங்கி ஓராண்டும் நிரம்பாத பொறி. முன்புறத்தில் யாதொரு காப்பும் இல்லை. எழுதுகோல் பருமனே உள்ள ஒரு கிளை கிரில்லில் நுழைந்து முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது. நீர் சொட்டுச் சொட்டாக வடிந்து புழுதியில் மறைந்தது. அவர் கண் எதிரே நின்ற புதரில் இருந்ததேயன்றி மானியில் இல்லை. எஞ்சின் தானே நின்றபோது ஹெட் வளைந்து, கேஸ்கெட்டும் எரிந்து போயிருந்தது. பொருள்கள் மதுரையிலிருந்து வந்து வேலை முடிவதற்குள் மழை பெய்துவிட்டது. அவ்வாண்டு அம்மூன்று ஏக்கரும் மீண்டும் தரிசாகவே கிடந்தன. இத்தனைக்கும் காரணம் ஒரு குச்சி.

இதனைக் கேட்டவர் உடனே கடைக்கு ஓடிப் பளபளப்பான பம்பர் ஒன்றை வாங்கி மாட்டுவர். அன்பர்களே, கடைகளில் தொங்கும் அப்பம்பர்களிற் பல திருவிழா ஊர்வலத்துக்கு ஏற்றவை. குழாய் மெல்லியது, கம்பிகளுக்கு இடையே ஒரு தலை நுழையும் அளவு வெளி. சுவரில் மோதாமல் அது காக்கலாம், குச்சியைத் தடுக்காது. வேறு சிலர் நேர்மாறாக, முகம் முழுவதையும் இரும்புத் தகட்டால் மூடி வெல்டிங் வைத்துவிடுகின்றனர். இது முன்னதினும் கேடானது என்பதே எம் துணிபு. முள் குத்துமோ குத்தாதோ, நாம் அறியோம்; காற்றை அடைத்தால் எஞ்சின் கொதிப்பது உறுதி. ஆகவே நாம் வேண்டுவது குச்சியை நிறுத்தி, காற்றை விடும் காப்பு.

அதனை நம்மூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். சதுரக் குழாயாலோ ஆங்கிளாலோ முகத்தின் அகலத்துக்கு ஒரு சட்டம் அமைக்கவேண்டும். அதில் கம்பிகளைக் குறுக்காக வைப்பதினும் நெடுக்காக வைத்தலே நன்று. குறுக்குக் கம்பி கிளையை மாட்டிக்கொள்ளும். நெடுக்குக் கம்பியில் அது வழுக்கி ஒருபுறம் ஒதுங்கும். ஓரங்கள் இரண்டையும் சற்றுப் பின்னோக்கி வளைத்தால் ஒதுங்கிய கிளை விளக்கின்மேல் திரும்பாது. கம்பிகளின் பின்னே ஓரங்குலக் கண்ணுள்ள தடித்த இரும்பு வலையைப் பற்றவைக்க வேண்டும். கொசுவலை போன்ற நுண்வலையை நிலையாக வைத்தல் கூடாது. அஃது அரைமணியில் அடைந்துவிடும். இலை மிகுதியான இடத்துக்கு நுண்வலை வேண்டுமாயின், தனிச் சட்டத்தில் கட்டி, உருவி எடுத்துத் தட்டிவிட்டு மீண்டும் செருகுமாறு வைத்துக்கொள்க. காப்புக்கும் கிரில்லுக்கும் இடையே நான்கு விரற்கடையேனும் வெளி இருத்தல் வேண்டும். அடிபட்டுக் காப்பு வளைந்தாலும் அவ்வடி கிரில்லைச் சேராதிருத்தற்கே இவ்வெளி.

எங்கே பிணைப்பது என்பதே இதில் முதன்மையானது. பானட்டில் பிணைத்தல் ஒருபோதும் ஆகாது. அது மெல்லிய தகடு. காப்பின்மேல் விழும் அடியை அப்படியே ரேடியேட்டரிடம் ஒப்படைத்துவிடும். முன்பாரக் கட்டிகளை மாட்டுவதற்கென்று பொறியின் முன்சட்டத்தில் துளைகள் உள்ளன. அவற்றில் 8.8 என்னும் எண் தலையில் பொறித்த உறுதியான போல்ட்டுகளால் முடுக்குக. சட்டத்தில் புதுத் துளை போடுவதும் நேரே வெல்டிங் வைப்பதும் உத்தரவாதத்துக்கு இடையூறாகும். சட்டத்தின் வலிமையையும் குறைக்கும். காப்பைக் கழற்றித் தரையில் வைத்தே வெல்டிங் செய்க. பொறியின்மேல் வைத்தே செய்ய நேரின் பேட்டரி இணைப்பை முதலில் நீக்குக. பானட்டைத் திறக்கவும் ரேடியேட்டரைத் துடைக்கவும் தடையின்றிக் காப்பு முன்னோக்கிச் சாயுமாறு கீழே கீலும் மேலே முளையும் அமைக்கவேண்டும். திறப்பதற்கு அருமையான காப்பை எவரும் திறவார். திறவாதபோது உள்ளே குப்பை சேரும். காப்பின் பாரமும் அளவோடு இருக்கட்டும். பின்னே ரொட்டவேட்டர் தொங்கும்போது முன்னே சிறிது பாரம் நன்மையே. மிகுந்தாலோ முன் அச்சும் ஸ்டியரிங்கும் தேயும். பொறியோடு வந்த கையேட்டில் முன்பாரத்தின் எல்லை குறிக்கப்பட்டிருக்கும். அக்கையேட்டைப் பலர் பூசைமாடத்தில் வைத்துவிடுகின்றனர். எடுத்துப் படித்தலும் ஆகும்.

முகத்தைக் காத்தவர் அடிவயிற்றை மறந்துவிடுகின்றனர். முன்னச்சின் பின்னே ஸ்டியரிங்கின் டை ராடு, ஆயில் சம்ப்பின் வடிகால் திருகு, டீசல் வடிகட்டி, ஒயர்கள் ஆகியன தாழத் தொங்குகின்றன. சாய்ந்து கிடக்கும் கிளையின் ஒரு நுனியில் சக்கரம் ஏறினால் மறுநுனி இவற்றின்மேல் எழுந்து பாயும். தடித்த தகடு ஒன்றைக் கீழே கட்டலாம். ஆனால் அதில் துளைகள் இருக்கவேண்டும். நாள்தோறும் அதனைத் துடைக்கவும் வேண்டும். உலர்ந்த இலை தகட்டின்மேல் தங்கி, சைலன்சரின் வெப்பத்தில் தீப்பற்றுதல் கூடும். டயரைப் பற்றியும் ஒரு சொல்: மரத்திலுள்ள முள்ளைவிட, அரிவாளால் சாய்வாக வெட்டி விட்ட கட்டையே டயருக்குப் பெரும்பகை. அது நட்டுவைத்த ஈட்டி. வெட்டுபவரிடம் தரையோடு தரையாக, மட்டமாக வெட்டுமாறு முன்னரே கூறிவிடுக.

காப்பு வந்துவிட்டது, இனிப் புதரை முட்டித் தள்ளலாம் என்று கருதுவோரை அஞ்சியே யாம் இப்பகுதியைச் சற்று அழுத்திச் சொல்லுகின்றோம். பம்பர் குச்சிக்குக் காப்பேயன்றி மரத்துக்கு ஆயுதமன்று. கட்டைவிரற் பருமனுள்ள செடிவரை சிறு டிராக்டர் தாங்கும். முள்மரத்தை இளமையிலேயே களைய வேண்டும் என்று வள்ளுவனார் பகைவரைக் குறித்துச் சொன்னதை நம் உழவர் நேர்ப்பொருளிலேயே கொள்ளலாம். அதற்கு மேற்பட்ட பருமன் உள்ளதை ஜேசிபி கொண்டு வேரோடு பறித்தலே செலவு குறைந்த வழி. அடியில் வெட்டினால் மட்டும் மீண்டும் தழைக்கும் மரம் அது. வேளாண்மைப் பொறியியல் துறையாரும் நிலம் திருத்தும் புல்டோசர்களை உழவர்க்கு வாடகைக்கு விடுகின்றனர். சிறு டிராக்டர் அதன்பின் நிலத்தில் இறங்கட்டும்.

இறங்குமுன் நிலத்தை ஒருமுறை நடந்து பார்த்தல் இன்றியமையாதது. புதர் மூடிய நிலத்தில் பாழ்கிணறு இருக்கும். கல்லும், பழைய வேலிக்கம்பியும் இருக்கும். கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றுக்கு எந்தப் பம்பரும் விடையாகாது. கண்டவிடத்துக் கொம்பு நட்டுத் துணி கட்டுக. தாழ்ந்த கியரில் மெல்லச் செல்க. மானியை அடிக்கடி நோக்குக. மணிக்கொருமுறை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்து, வலையைத் தட்டுக. ரேடியேட்டரைத் துடைக்கும்போது விசிறிப் பக்கமிருந்து முன்னோக்கி மெல்லிய காற்று ஊதுக. முன்னிருந்து ஊதினால் குப்பை இன்னும் உள்ளே ஏறும். வேகமான நீர்ப்பீச்சலும் வேண்டா. தகடுகள் சாய்ந்து காற்றுவழி மூடிக்கொள்ளும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பவர் முகம் வெந்துபோகும். இளைஞர்கள் இதனை நன்கு மனத்திற் கொள்ளவேண்டும்.

சங்கிலி கட்டி வேரை இழுப்போரும் உளர். இழுப்புக் கொக்கி இருக்கும் தாழ்ந்த இடத்திலன்றி, மேலே டாப் லிங்க்கிலோ அச்சின்மேலோ சங்கிலியைக் கட்டலாகாது. வேர் விடாதபோது பொறியின் முன்புறம் மேலெழுந்து, கண்ணிமைப்பதற்குள் ஓட்டுபவர்மேல் மல்லாந்துவிடும். முகத்துக்கு எவ்வளவு நல்ல காப்பிட்டாலும் அப்போது அது வானத்தையே நோக்கும். ஆதலின் கவிழ்தற்காப்புச் சட்டம் உள்ள பொறியாயின் அதனை நிமிர்த்தியே வைத்து, இடுப்புப் பட்டையும் அணிந்துகொள்க. காட்டு வேலைக்குரிய ஊர்திகளில் முன்காப்பின் மேல்மூலையிலிருந்து ஓட்டுபவர் தலைக்குமேல் உள்ள சட்டம்வரை இரும்புக் கம்பிவடம் இழுத்துக் கட்டுவதுண்டு. கிளை அதில் ஏறித் தலைக்குமேல் போய்விடும். நம் சிறு டிராக்டருக்கும் இது பொருந்தும், செலவும் மிகுதியன்று. கண்ணாடி அணியாது முட்காட்டில் ஓட்டும் பிள்ளைகளைத் தாய்மார்கள் வீட்டிலேயே தடுக்கலாம்.

சட்டத்தின் உருவத்தை இக்கரும்பலகையில் வரைந்திருக்கின்றோம். ஆனால் அளவை இதிலிருந்து எழுதிக்கொள்ளற்க. துளைகளின் இடைவெளி ஒவ்வொரு கம்பெனிப் பொறிக்கும் வேறுபடும். பொறியையே பட்டறைக்கு ஓட்டிச் சென்று, பானட்டைத் திறந்துவைத்து அளவெடுக்கச் செய்க. அறுவடை முடிந்து தைப் பொங்கலுக்குப் பின் பட்டறைகளில் கூட்டம் பெருகும். அதற்குமுன் செல்வது நலம்.