தண்ணீர் கொடுத்தவர்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்துக்கு எல்லாரும் போயிருப்பீர்கள். 1897-இல் கட்டி முடித்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். அதன் பின்னால் ஆறு. எதிர்த் திடலோரத்தில் விக்டோரியா மகாராணி காலத்து நீரூற்று ஒன்று. பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்கிறோம். ஏன் வந்தது, யாருக்காக வந்தது என்று கேட்பதில்லை, இல்லையா?

அதற்கொரு உறவுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். அவர் கதையைக் கேளுங்கள். தான் கிம் செங் என்ற சீன வணிகர், நம் மலாக்காவில் 1805-இல் பிறந்தவர். சிங்கப்பூர் மக்களுக்கு நல்ல தண்ணீர் வேண்டுமென்று 1857-இல் 13,000 வெள்ளி கொடுத்தார். அந்தக் காலத்து வெள்ளி, ஞாபகம் இருக்கட்டும்! பணம் வந்ததே தவிர, வேலை நடக்கவில்லை. திட்டம் சரியில்லை, பணம் போதவில்லை என்று இழுத்தார்கள். 1864-இல் அவர் கண்ணை மூடிவிட்டார். தண்ணீர் ஓட 1878 ஆயிற்று. கொடுத்த மனுஷர் ஒரு வாய் குடிக்கவில்லை.

1882-இல் நகராட்சியார் சிங்கப்பூர் ஆற்று முகத்தருகே அவர் நினைவாக இரும்பு நீரூற்று எழுப்பினார்கள். 1925-இல் அதை எஸ்பிளனேடு திடலுக்கு மாற்றினார்கள். 2010-இல் அது தேசிய நினைவுச் சின்னமாயிற்று. அவர் கொடுத்த நன்கொடையை அதிலே பொறித்திருக்கிறார்கள்.

நம் பள்ளியிலும் ஒரு குழாய் உண்டு. சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் கை கழுவுகிறீர்களே, அதேதான். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, பால்காரர் ஒருவர் கறவை மாட்டை விற்றுத் தொட்டியும் குழாயும் போட்டுக் கொடுத்தார். அதுவரை மத்தியானம் வரை நாக்கு வறண்டு கிடப்போம். சிமெண்டிலே அவர் பெயர் இருந்தது. வருஷா வருஷம் விழாவுக்கு வெள்ளையடித்தோம். எழுத்து மூடிப் போயிற்று. யாரைக் குறை சொல்வது? இரண்டு தடவை சுண்ணாம்பு வாளியைத் தூக்கியவன் நானே!

போன வாரம் விரலால் தடவிப் பார்த்தேன். முதல் எழுத்து 'மா'வோ, 'பா'வோ. எங்களுக்கு அவர் பால்கார மாமா. பெயரைக் கேட்டதே இல்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரலாம். கத்தி வேண்டாம், எழுத்து உடைந்துவிடும். தேங்காய் நார் கொண்டு வாருங்கள். தண்ணீரை அந்தக் குழாயிலேயே பிடித்துக்கொள்ளலாம்.