கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்



பட்டமளிப்பு விழாவில் ஜெயித்தவர்கள் கதையைச் சொல்வது வழக்கம். நானும் உலகின் பெரும் பணக்காரர் ஒருவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். எலான் மஸ்க் ஜெயித்த கதைகளை நீங்கள் ரீல்ஸில் வேண்டிய மட்டும் பார்த்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது, அவர் ஒரு கம்பெனியை வாங்கி எட்டே நாளில் அதில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பிய கதை. உங்களில் பலர் இன்னும் சில வாரங்களில் ஆஃபர் லெட்டரோடு ஏதோ ஒரு கம்பெனிக்குள் நுழைவீர்கள். சிலர் பின்னாளில், யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பட்டியல் போடும் நாற்காலியிலும் உட்காருவீர்கள். இரு தரப்புக்கும் இதில் வேலை இருக்கிறது.

2022 ஏப்ரலில் ட்விட்டரை 44 பில்லியன் டாலருக்கு வாங்க மஸ்க் ஒப்பந்தம் போட்டார். ஜூலையில் வேண்டாம் என்றார். ட்விட்டர் டெலவேர் மாநில நீதிமன்றத்துக்குப் போனது. விசாரணை நாள் நெருங்கியதும், சரி, வாங்கிக்கொள்கிறேன் என்று திரும்பி வந்தார். அக்டோபர் 26 அன்று சான் பிரான்சிஸ்கோ தலைமையகத்துக்குள் ஒரு கழுவுதொட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு சிரித்தபடி நுழைந்தார். அது ஓர் ஆங்கிலச் சிலேடை; விளக்கி உங்களைச் சோதிக்க மாட்டேன். மறுநாள் கம்பெனி அவர் கைக்கு வந்தது. கையோடு தலைமைச் செயல் அதிகாரி பராக் அக்ரவாலும் சட்டப் பிரிவுத் தலைவர் விஜயா கத்தேயும் வெளியேற்றப்பட்டார்கள்.

நவம்பர் 3, வியாழக்கிழமை மாலை எல்லா ஊழியர்களுக்கும் ஒரு மெயில் வந்தது. நாளை காலை 9 மணிக்குள் உங்கள் பணி பற்றிச் சொல்லப்படும். வேலை இருந்தால் ஆபீஸ் மெயிலுக்குத் தகவல் வரும், போய்விட்டால் சொந்த மெயிலுக்கு வரும். அலுவலகங்கள் மூடப்படும், அடையாள அட்டை கதவைத் திறக்காது. பலருக்கு விடியும்வரை காத்திருக்கும் அவசியமே ஏற்படவில்லை. ராத்திரியே லேப்டாப் லாக் ஆகிவிட்டது, அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக் வெளியே தள்ளிவிட்டது. வேலை போன செய்தியை மனிதர்களுக்கு முன்னால் இயந்திரம் சொல்லிவிட்டது. சுமார் 7,500 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்த வாரத்தோடு போனார்கள். இந்தியாவில் இருநூறு பேருக்குச் சற்று மேல் இருந்த அணியில் பெரும்பாலானோர் போனார்கள். கானா நாட்டின் அக்ராவில் ஆப்பிரிக்க அலுவலகம் திறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தது. அங்கும் கிட்டத்தட்ட எல்லோரையும் அனுப்பினார்கள். அப்புறம், அனுப்பியவர்களில் சிலரைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று செய்தி வந்தது. அவர்கள் செய்துவந்த வேலை தேவைப்படுகிறதாம்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்பெனி வீங்கிப்போய்த்தான் இருந்தது. நாளொன்றுக்கு 40 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம் என்றார் மஸ்க். நிறுவனத்தை வேகவேகமாக வளர்த்துவிட்டேன், பொறுப்பு என்னுடையது என்று நிறுவனர்களில் ஒருவரான ஜாக் டோர்சியே மன்னிப்புக் கேட்டார். அதே நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், அடுத்த ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் அனுப்பின. எனவே ஆள் குறைத்ததற்காக நான் மஸ்கைக் குறை சொல்லவில்லை. 7,500 பேர் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்பதை ஒரு மனிதர் எட்டு நாளில் எப்படித் தெரிந்துகொள்ள முடியும் என்று மட்டும் கேட்கிறேன். தெரிந்துகொள்ளவில்லை என்பதற்கு அவரே சாட்சி.

கணினி அறிவியல் மாணவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள், இது உங்களுக்கானது. அந்த டிசம்பரில் சாக்ரமெண்டோவில் இருந்த ட்விட்டர் டேட்டா சென்டரைக் காலி செய்துவிட்டால் பெரும்பணம் மிச்சமாகும் என்று மஸ்க் முடிவெடுத்தார். சர்வர்களைப் பத்திரமாக இடம் மாற்ற ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும் என்றார் பொறுப்பிலிருந்த மேலாளர். 90 நாளில் முடியாதென்றால் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பதில் வந்தது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு மஸ்க் தானே அங்கே போய்விட்டார். ஒரு பேனாக்கத்தியை வாங்கித் தரைப்பலகையை நெம்பி, அடியில் இறங்கி, மின்பெட்டியைத் திறந்து, ஒரு சர்வர் அடுக்கின் இணைப்பைப் பிடுங்கினார். ஒன்றும் வெடிக்கவில்லை. அவ்வளவுதான், லாரி வந்தது, டன் கணக்கில் எடையுள்ள அடுக்குகள் ஏறின. வால்டர் ஐசக்சன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இதைப் படிக்கும்போது முதலில் உற்சாகமாகத்தான் இருக்கிறது. பைல் நகர்த்தவே ஆறு மாதம் எடுக்கும் அலுவலகங்களைப் பார்த்து நொந்தவர்கள் எல்லோருமே இங்கே கைதட்டுவார்கள். ஆனால் அடுத்த இரண்டு மாதம் தளம் தள்ளாடியது. சாக்ரமெண்டோவைச் சுட்டும்படி நேரடியாக எழுதிய 70,000 இடங்கள் நிரலுக்குள் இருந்தன, அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, அந்த சென்டரை மூடியது தப்புதான் என்று மஸ்க் பின்னால் ஒப்புக்கொண்டார். ஹார்ட்கோடு பண்ணாதே என்று உங்கள் பேராசிரியர்கள் எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்! அது இருக்கட்டும். யாரும் சொல்லவில்லையாம். யார் சொல்வார்? தெரிந்தவர்களில் பாதிப்பேர் வீட்டில் இருந்தார்கள். மீதிப்பேர், வாயைத் திறந்தவரிடம் ராஜினாமாக் கடிதம் கேட்கப்பட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு கதை 2023 மார்ச்சில் நடந்தது. ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஹரால்டுர் தோர்லீஃப்சன் ஒரு வடிவமைப்பாளர். தசைநலிவு நோய், சக்கர நாற்காலி. தன் கம்பெனியை ட்விட்டருக்கு விற்று அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். விற்ற பணத்தைச் சம்பளமாக வாங்கிக்கொண்டு சொந்த நாட்டில் முழு வரி கட்டியவர். நாடெங்கும் கடை வாசல்களில் சாய்தளம் அமைக்கும் இயக்கத்தையும் நடத்தினார். ஒரு நாள் அவர் கம்ப்யூட்டர் லாக் ஆனது. நான் வேலையில் இருக்கிறேனா இல்லையா என்று எச்.ஆர். தலைவரைக் கேட்டார், அவருக்கும் தெரியவில்லை. ஒன்பது நாள் பொறுத்துவிட்டு மஸ்கிடம் ட்விட்டரிலேயே, ஊரறியக் கேட்டார். நீங்கள் என்ன வேலை செய்துவந்தீர்கள் என்று மஸ்க் திருப்பிக் கேட்டார். பதில் வந்தபின் கேலி செய்தார். உடல் குறையைக் காரணம் காட்டி வேலையே செய்யாதவர் என்றும் எழுதினார். பிறகு வீடியோ அழைப்பில் பேசிவிட்டு, எனக்குத் தவறான தகவல் தந்துவிட்டார்கள் என்று மன்னிப்புக் கேட்டார்.

மஸ்க் அவரிடம் கேட்ட கேள்வியில் தப்பே கிடையாது. உங்களை நாளைக்கே கல்யாண வீட்டில் பெரியப்பா கேட்கப்போகும் கேள்விதான் அது. முதலாளி அதைக் கேட்டே ஆக வேண்டும். இவர் கேட்டது ஆளை அனுப்பிய பிறகு.

வேடிக்கை என்னவென்றால், கேட்கத் தெரியாதவர் அல்ல அவர். ஸ்பேஸ்எக்ஸின் முதல் மூன்று ராக்கெட்டுகள் வரிசையாகத் தோற்றன. நான்காவது 2008 செப்டம்பரில் சுற்றுப்பாதையைத் தொட்டது. அந்த வருடங்களில் பொறியாளர்களோடு உட்கார்ந்து, இந்த வால்வு ஏன், இந்த உலோகம் ஏன் என்று துளைத்தெடுத்தவர் இதே மஸ்க்தான். ராக்கெட் பொய் சொல்லாது, தப்பாகச் செய்தால் கடலில் விழும். ட்விட்டருக்குள் வரும்போது அவர் பதினோரு கோடிக்கும் மேற்பட்ட பின்தொடர்வோரைக் கொண்ட வாடிக்கையாளர். இதைப் பற்றி எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்போடு வந்தார். அவர் சறுக்கியது அந்த நினைப்பில்தான் என்று நினைக்கிறேன்.

சறுக்கலை அவர் சறுக்கலாகப் பார்க்கவில்லை. 2024 ஏப்ரல் கடைசியில் டெஸ்லாவின் சார்ஜிங் நிலையப் பிரிவில் இருந்த சுமார் 500 பேரை ஒரேயடியாக நீக்கினார். சில வாரங்களில் சிலரைத் திரும்ப எடுத்தார்கள். ட்விட்டர் ஊழியர்களுக்கு, கடுமையாக உழைக்கச் சம்மதம் என்று மறுநாள் மாலைக்குள் கிளிக் செய்யுங்கள், இல்லையேல் மூன்று மாதச் சம்பளத்தோடு கிளம்புங்கள் என்று நள்ளிரவில் ஒரு மெயில் போயிருந்தது. அதன் தலைப்பு 'ஃபோர்க் இன் த ரோட்'. அரசுச் செலவைக் குறைக்கும் பொறுப்பு மஸ்கிடம் வந்திருந்த 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு ஊழியர்களுக்கு வந்த ராஜினாமா அழைப்புக்கும் அதே தலைப்பு. அடுத்த மாதம் அணு ஆயுதங்களைப் பராமரிக்கும் துறையில் ஆட்களை நீக்கிவிட்டு, அவர்கள் யார் என்று தெரிந்ததும் அவசரமாகத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

ஆனாலும் ட்விட்டர் இடிந்து விழவில்லையே என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. உண்மைதான். ஒரு வாரத்தில் இழுத்து மூடிவிடுவார்கள் என்று பேசியவர்கள் ஏமாந்தார்கள். ஊழியர் எண்ணிக்கை ஏறக்குறைய 1,500 ஆகிவிட்டதாக 2023 ஏப்ரலில் மஸ்கே பிபிசியிடம் சொன்னார், தளம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பல முதலாளிகள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: ஐந்தில் நால்வர் தண்டச்சோறு. அது சரியில்லை. அணையில் ஷட்டர் பராமரிப்பவரை அனுப்பினால் அணை மறுநாள் உடையாது, வெள்ளம் வரும்போதுதான் தெரியும். எட்டு டாலர் கட்டினால் சரிபார்த்த கணக்குக்கான நீலக்குறி என்று 2022 நவம்பரில் திறந்துவிட்டதும், எலி லில்லி மருந்துக் கம்பெனியின் பெயரில் ஒரு போலிக் கணக்கு, இன்சுலின் இனி இலவசம் என்று அறிவித்தது. கம்பெனி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று, மறுநாள் அதன் பங்கு சரிந்தது. ட்விட்டரிலிருந்து விளம்பரதாரர்கள் நழுவினார்கள். 44 பில்லியனுக்கு வாங்கியதை 2025 மார்ச்சில் மஸ்கின் இன்னொரு கம்பெனி எடுத்துக்கொண்டபோது போட்ட மதிப்பு, கடன் போக, 33 பில்லியன். அதுவும் தன் கைச்சரக்குக்குத் தானே போட்ட விலை.

உங்களுக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் பக்கத்து சீட்டுக்காரரிடம், அண்ணா, நீங்க என்ன பண்றீங்க, இந்த ஜாப் ஏன் ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடுது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த ஆள் எந்த டீம் சார்ட்டிலும் மேலே இருக்க மாட்டார். அவர் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், நாளைக்குப் பட்டியல் போடும் இடத்தில் நீங்கள் இருந்தால் அது உதவும். சம்பளச் சீட்டு, ஆஃபர் லெட்டர், அப்ரைசல் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் ஆபீஸ் லேப்டாப்புக்கு வெளியே வைத்திருங்கள். ஆன்சைட் போகிறவர்கள் நினைவில் கொள்ளுங்கள்: எச்-1பி விசாவில் வேலை போனால் அடுத்த வேலை தேட அமெரிக்கா தரும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்று கையெழுத்துப் போடும் முன்பு படியுங்கள். கம்பெனி உங்களுக்குக் கொடுக்க வேண்டியதும் நீங்கள் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியதும் ஒன்றாக இருக்காது.

மேடைக்குக் கீழே வரிசை நீண்டுகொண்டிருக்கிறது, துணைவேந்தர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உங்களுக்கும், உங்களைப் படிக்கவைத்த குடும்பங்களுக்கும் என் வாழ்த்துகள்.